‘இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை’ என்று டாக்டர்கள் சொல்வதைப் பற்றி

கிங்ஸ்சர்க்கிள்_சித்தி

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மும்பையில் பரேல் ஆஸ்பத்திரிகள் பக்கம் அலைந்த குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். மருந்து, செலவு, தங்குமிடம் பற்றியெல்லாம் பேசியாயிற்று. டாக்டர்கள் நம்மிடம் பேசும் விதத்தைப் பற்றி மட்டும் யாரும் இழை தொடங்கிப் பார்த்ததில்லை. அதனால் நான் தொடங்குகிறேன்.

என் அக்கா மகளுக்கு ஏஎல்எல், அதாவது குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய். அக்கா கல்யாணமாகி தாராவிக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகிறது, ஆனாலும் அவளுடைய ஹிந்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போவேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. வைத்தியத்தில் குறை இல்லை.

முதல் மாத கீமோ முடிந்து எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுத்தார்கள். ஜூனியர் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து, “ரிப்போர்ட் நெகடிவ், ரிமிஷன் வந்துவிட்டது” என்றார். நெகடிவ் என்று காதில் விழுந்ததும் அக்கா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அது நல்ல செய்தி என்று புரியவைக்கவே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் வீட்டில் வேறு கூத்து. ‘நோய் போய்விட்டது’ என்று ஊருக்கெல்லாம் போன் போட்டார்கள். அடுத்த கீமோ தேதி வந்ததும் அக்காவின் மாமியார், “குணமான பிள்ளைக்கு எதற்கு இன்னும் மருந்து? காசு பிடுங்குகிறார்கள்” என்றார். ரிமிஷன் என்றால் மஜ்ஜையில் புற்று அணுக்கள் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டன என்றுதான் அர்த்தம். மிச்சம் மீதி ஒளிந்திருக்கும். அதற்காகத்தான் மொத்த வைத்தியமே இரண்டு, இரண்டரை வருஷம் நீள்கிறது. இதை அன்றைக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அந்த மாதம் வீட்டில் அத்தனை சண்டை நடந்திருக்காது.

ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல. நோய் திரும்பாமலிருக்கத் தொடர்ந்து மருந்து கொடுக்கும் மெயின்டெனன்ஸ் சமயத்தில் நோய் திரும்பிவிட்டது. இரண்டாவது சுற்று மருந்தும் பிடிக்கவில்லை. பெரிய டாக்டர் வார்டு வாசலில் நின்றபடி, “அப் ஹமாரே ஹாத் மே குச் நஹீன் ஹை” என்றார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, அக்காவுக்கே புரிந்துவிட்டது. கூடவே ஒரு சீட்டில் பாலியேட்டிவ் ஓபிடிக்கு, அதாவது வலியையும் அவதியையும் குறைக்கும் பிரிவுக்குப் போகச் சொல்லி எழுதித் தந்தார்கள். அக்கா போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்கவும் இல்லை. “கையில் ஒன்றும் இல்லை என்றவர்கள் எதற்குக் கூப்பிடுகிறார்கள்?” என்றாள். அந்த வாரங்களில் பிள்ளை கால்வலியில் படுக்கையைச் சுரண்டிக்கொண்டு கிடந்தாள். பிறகு அடித்துப் பிடித்துக் கூட்டிப் போனோம். மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் கொடுத்தார்கள். அன்று ராத்திரி அவள் தூங்கினாள்.

அப்படியானால் அவர்கள் கையில் இவ்வளவும் இருந்திருக்கிறது! வாசலில் சொன்னது வாய் தவறி வந்த வார்த்தை மட்டும் இல்லை, தப்பான தகவல். என் ஆதங்கம் அதுதான். இனிக்க இனிக்கப் பேசச் சொல்லவில்லை.

அவள் இப்போது இல்லை. ஆறுதல் சொல்லி எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் எந்த வார்த்தை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

ஆண்டாப்ஹில்_முருகன்

எனக்கு நேர்மாறான அனுபவம். என் பையனுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஒரு டாக்டராவது நேராகப் பேசமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். ‘பார்க்கலாம்’, ‘கடவுளை நம்புங்கள்’, ‘கொஞ்சம் சீரியஸ்தான்’. கொஞ்சம் சீரியஸ் என்றால் என்ன சார்? ஊரிலிருந்து பெற்றோரை வரச்சொல்லவா, வேண்டாமா? டிக்கெட் போட வேண்டியவன் நான். கடைசியில் அறிக்கையைப் படம் பிடித்து ஊரில் உள்ள ஒரு தெரிந்த டாக்டருக்கு அனுப்பி அவர் வாயால் கேட்டேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று சொன்னார். அன்றைக்குத்தான் மனசு ஒரு நிலைக்கு வந்தது.

டியூட்டிரூம்

நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறவன், மாநகராட்சி ஆஸ்பத்திரி. இந்த இழையைப் படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எம்பிபிஎஸ் படிப்பில் நோயாளியிடம் பேசுவதைப் பாடமாகவே வைத்தது 2019இல்தான். அதற்கு முன்னால் படித்த நாங்கள் எல்லாம் சீனியர் பேசுவதைப் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். சீனியர் நின்றுகொண்டே பேசினால் நாங்களும் நின்றுகொண்டே பேசுவோம். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையை 2000இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். முதல் படி, உட்கார்ந்து பேச ஓர் இடம். அடுத்து, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்பது. செய்தியைச் சொல்வதே நான்காவதுதான். எங்கள் வார்டில் நேராக நான்காவதில்தான் ஆரம்பிக்கிறோம். முதல் படிக்கு நாற்காலி இல்லை.

இன்னொன்றும் உண்டு. ‘கேன்சர்’ என்று சொன்ன பிறகு அடுத்த பத்து நிமிஷம் நாங்கள் சொல்வது எதுவும் பெற்றோர் காதில் ஏறுவதில்லை. எங்களுக்கும் அது தெரியும். ஆனாலும் சொல்லி முடித்துவிட்டு, ‘கவுன்சலிங் டன்’ என்று ஃபைலில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

முருகன் அண்ணன் சொன்ன மழுப்பலுக்கு ஒரு காரணம் பயம். வெளியே இருபது பேர் நிற்கும்போது, “பிழைப்பது கஷ்டம்” என்று சொன்ன ரெசிடென்ட் டாக்டரின் சட்டையைப் பிடித்த கதைகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. நம்பிக்கை போய்விடுமே என்ற எண்ணம் இன்னொரு காரணம். அது சரியான எண்ணம் இல்லை. புற்றுநோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரை வைத்து பாஸ்டனில் செய்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. நோயின் போக்கைப் பற்றி அதிகம் சொல்லப்பட்ட பெற்றோர்தான், நிலைமை மோசமாக இருந்தபோதும், டாக்டர் பேச்சு தங்களுக்கு நம்பிக்கை தந்ததாக அதிகம் சொன்னார்கள். மூடி மறைத்தால் நம்பிக்கை வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கிங்ஸ்சர்க்கிள்_சித்தி

டாக்டர் தம்பி, வந்து எழுதியதற்கு நன்றி. நாற்காலி இல்லை என்பது புரிகிறது. ஆனால் ‘குணப்படுத்த இனி மருந்து இல்லை, வலிக்கு இருக்கிறது, நாளைக்கே அந்த ஓபிடிக்கு வாருங்கள்’ என்று சொல்ல நாற்காலி வேண்டாமே. வாசலில் நின்றே சொல்லலாம். ‘ஒன்றும் இல்லை’ என்பதைவிட ஒரு மூச்சு கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

டியூட்டிரூம்

மறுக்க முடியாது அக்கா. இதில் எங்கள் தப்பு இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் பராமரிப்பு நோயைக் கண்டுபிடித்த அன்றே தொடங்க வேண்டும், நோய்க்கான வைத்தியம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கம். நாங்கள் அந்தப் பெயரைக் கடைசி நாளில் மட்டும் உச்சரித்து உச்சரித்து, அதைக் கேட்டாலே பெற்றோர் பதறும்படி செய்து வைத்திருக்கிறோம். கீமோ ஆரம்பிக்கும்போதே, ‘வலி, வாந்தியைப் பார்த்துக்கொள்ள இவர்களும் இருக்கிறார்கள்’ என்று அறிமுகப்படுத்தியிருந்தால் உங்கள் அக்கா அந்தச் சீட்டை மடித்து வைத்திருக்கமாட்டார்.

தொண்ணூறடி_ரோடு

நான் பெரிதாக எழுதத் தெரிந்தவன் இல்லை. தம்பி குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, கூடவே நிமோனியா. ஐசியூவில் வென்டிலேட்டர். ஒருநாள், “சான்ஸ் 30 சதவீதம்” என்றார்கள். தம்பி அந்த முப்பதைப் பிடித்துக்கொண்டான். நூறில் முப்பது என்று எல்லோரிடமும் சொன்னான். இரண்டு நாள் கழித்து இன்னொரு டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது: அந்த முப்பது வென்டிலேட்டரை விட்டு இறங்குவதற்கு. அதற்கப்புறம் ஆபரேஷன், அதற்குத் தனிக் கணக்கு. எதற்கு 30 என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இன்னொன்று. கடைசியில், “பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், பில்லும் ஏறிக்கொண்டே போகிறது” என்று அவர்கள்தான் வாயால் சொன்னார்கள். கையெழுத்துக்கு நீட்டிய தாள் டாமா. என் பெரியவன் வாசித்துச் சொன்னான்: டாக்டர் அறிவுரையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோமாம். தம்பி போட்டான். அந்தத் தாளின் நகலை இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறான். ‘நான் கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளை போச்சு’ என்கிறான். என்ன சொல்லியும் அவன் மனசு ஆறவில்லை.

டியூட்டிரூம்

அண்ணா, டாமா விஷயத்தில் நீங்கள் சொல்வது நாடு முழுக்க நடக்கிறது. பலனில்லாத உயிர்காப்புக் கருவிகளை நிறுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்தது, 2023இல் அந்த நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கியது. இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது, யார் கையெழுத்திடுவது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வழிகாட்டி வெளியிட்டது. அதில் அந்த முடிவை எழுதிக் கையொப்பம் இட வேண்டியவர் டாக்டர். ஆனால் கமிட்டி, காகிதம், போலீஸ் என்று பயந்து பல இடங்களில் டாமாவிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். முடிவு எங்களுடையது, பழி உங்கள் தம்பிக்கு. அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: வென்டிலேட்டர் உதவாது என்று டாக்டர்கள் தீர்மானித்த பிறகுதான் அந்தத் தாள் வெளியே வந்தது. வரிசை அதுதான்.

தொண்ணூறடி_ரோடு

படித்துக் காட்டுகிறேன் சார்.

வெள்ளைக்கோட்டு_இல்லாதவள்

நான் நர்ஸ். டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், பெட்டில் படுத்திருப்பது யார் காதிலும் விழாத பொம்மை மாதிரி. ரவுண்ட்ஸில் எட்டு பேர் நின்று பேசுவது முழுக்கக் குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாலாங்கிளாஸ் படிக்கும் ஒரு பையன். “இண்டக்‌ஷன் ஃபெயிலியர், ஹீ ஃபெயில்ட்”, அதாவது முதல் கட்ட கீமோ பலிக்கவில்லை என்று பேசிவிட்டு எல்லோரும் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்கள். நான் ஐவி மாற்றும்போது கேட்கிறான், “சிஸ்டர், ரீ-எக்ஸாம் வைப்பார்களா?” அவன் தெரிந்துகொண்ட ஃபெயில் ஸ்கூல் ஃபெயில்தானே. மருந்துதான் ஃபெயில், நீ இல்லை என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

வார்டில் எல்லா அம்மாக்களுக்கும் ஒரே பெயர்தான், ‘மம்மி’. “மம்மி, ஜரா பாஹர் ருகோ” (கொஞ்சம் வெளியே நில்லுங்கள்). பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன குறைந்துபோகும் என்று தெரியவில்லை. ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. ‘குழந்தைக்குத் தெரியக்கூடாது’ என்று எங்களிடம் சத்தியம் வாங்குகிறீர்கள். எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது, நீங்கள் அழுவீர்கள் என்று உங்களிடம் கேட்காமல் இருக்கிறார்கள். ஸ்வீடனில் பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள், 2004இல் வெளியானது. பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியதாகச் சொன்னவர்கள் 147 பேர், அவர்களில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாதவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வருந்தினார்கள். நம்மூர் வேறு, அவர்கள் ஊர் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ராத்திரி டியூட்டியில் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் அந்த ஊர்க் கேள்விகளாகத்தான் இருக்கின்றன.

செம்பூர்_காமாட்சி

‘பாசிடிவாக இருங்கள் அம்மா, நீங்கள் அழுதால் குழந்தை சோர்ந்துவிடும்’. இதை நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அப்புறம் அழுவதற்கு பாத்ரூம்தான். அங்கேயும் வரிசை.

யோகஜாதகம்

கர்ம வினைப்படிதான் நடக்கும். குழந்தைகளின் கிரக நிலையைப் பார்த்து, கீமோவை நிறுத்திவிட்டு எங்களிடம் உள்ள மூலிகை

*(மீதி நீக்கப்பட்டது. வைத்தியத்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. – நெறியாளர்)*

சயான்_கோலிவாடா

கொஞ்சம் மாற்றி யோசிக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் டாக்டர் வாயைத் திறந்தால் தேள் கொட்டும். “ஏன் லேட்டாக வந்தீர்கள், தூங்கிக்கொண்டிருந்தீர்களா?” என்பார். என் மனைவி அவர் பெயரைக் கேட்டாலே நடுங்குவாள். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் ஏறி பிபி இறங்கிய ராத்திரி, இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி வந்து விடியும்வரை பக்கத்தில் நின்றவரும் அவர்தான். பக்கத்து வார்டில் தேனாகப் பேசும் டாக்டர் போனையே எடுக்கவில்லை. வார்த்தையைப் பிடித்துத் தொங்கினால் நல்ல வைத்தியரை விட்டுவிடுவோம் என்று எனக்குப் பயம்.

கிங்ஸ்சர்க்கிள்_சித்தி

விடச் சொல்லவில்லை அண்ணா. ஆனால் “ஏன் லேட்” என்ற கேள்வியைக் கொஞ்சம் பாருங்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் முதலில் சாதாரணக் காய்ச்சல், சோர்வு, கால்வலி மாதிரிதான் காட்டும். தெரு டாக்டர், டானிக் என்று சில வாரம் போவது பெற்றோரின் அலட்சியத்தால் அல்ல. அந்த ஒரு கேள்வியை உங்கள் வீட்டம்மா இன்னும் எத்தனை வருஷம் சுமப்பார்கள்? அவர் ராத்திரி வந்து நின்றதற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காமலும் வந்து நின்றிருக்கலாம்.

சயான்_கோலிவாடா

அது சரி. வீட்டில் இதைக் காட்டினேன். பதில் பேசவில்லை, போனை வாங்கித் திரும்ப ஒருமுறை படித்தாள்.

சமூகசேவைப்_பிரிவு

ஆஸ்பத்திரிகளில் குடும்பங்களுக்கு உதவி ஏற்பாடு செய்யும் வேலை என்னுடையது. நீங்கள் யாரும் பார்த்திருக்க முடியாத ஒரு வார்த்தையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஃபைலுக்குள் இருக்கும். தொடர்ந்து நான்கு வாரம் அல்லது அதற்கு மேல் குழந்தை வைத்தியத்துக்கு வராவிட்டால் அதற்குப் பெயர் ‘அபாண்டன்மென்ட்’. கைவிடுதல். உலகம் முழுக்கக் குழந்தைப் புற்றுநோய்க் கணக்கெடுப்பில் இதே சொல்தான். கணக்குக்கு அது தேவைதான். ஆனால் வார்டில் அதுவே வசையாகிவிடுகிறது: “இவர்கள் கைவிட்டவர்கள்.” திரும்பி வரும் அப்பாவை வரவேற்பது அந்தப் பார்வை.

ஏன் வரவில்லை என்று போன் போட்டால் கதை வேறு. வாடகை அறையைக் காலி செய்ய வேண்டி வந்திருக்கும். ஊரில் இரண்டாவது பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும். நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி பார்ப்பது ரேஷன் கார்டு: கார்டு திருநெல்வேலியில் இருக்கும், இங்கே மாநில அரசின் காப்பீட்டுத் திட்டத்துக்கு மகாராஷ்டிரக் கார்டு கேட்பார்கள். பணம் கட்ட முடியாதவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார். “செலவு செய்ய முடியுமா?” என்று காரிடாரில் வைத்துக் கேட்ட அன்றே பாதிப்பேர் மனசுக்குள் கிளம்பிவிடுகிறார்கள். “செலவைப் பற்றிப் பேச ஒரு ஆள் இருக்கிறார், இந்த அறைக்குப் போங்கள்” என்று அனுப்பினால் அவர்கள் என்னிடம் வருவார்கள். வெளியூர்க் குழந்தைகளுக்கு வைத்தியம் முடியும்வரை குடும்பத்தோடு இலவசமாகத் தங்க இடம் தரும் செயின்ட் ஜூட் மையங்கள் மும்பையில் 2006இலிருந்தே இருக்கின்றன. டாடா மெமோரியலில் குழந்தைகளின் செலவுக்கென்றே இம்பாக்ட் என்ற அமைப்பு இருக்கிறது. இருக்கிறது என்பதையே சொல்லாமல் முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் பதில் வரும்.

புதுசு_2

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். என் மகளுக்கு ஆறு வயது, ஏஎல்எல் திரும்பி வந்திருக்கிறது. வியாழக்கிழமை டாக்டர் ‘மீட்டிங்’ வைத்திருக்கிறார். மீட்டிங் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் துபாயில். என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

டியூட்டிரூம்

மேடம், மீட்டிங் என்றால் கெட்ட செய்தி என்று முடிவு கட்டாதீர்கள். நோய் திரும்பினால் அடுத்த திட்டத்தை உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். எப்போது திரும்பியது, எந்த இடத்தில் திரும்பியது என்பதைப் பொறுத்து வழிகள் மாறும். மருந்து முடிந்து ரொம்ப நாள் கழித்துத் திரும்பியதற்கும் நடுவிலேயே திரும்பியதற்கும் வித்தியாசம் உண்டு.

நேராக இதைக் கேளுங்கள்: “இப்போது உங்கள் நோக்கம் நோயைக் குணப்படுத்துவதா, கட்டுக்குள் வைப்பதா, வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதா?” எந்த டாக்டரும் இதற்கு மழுப்ப முடியாது. சதவீதம் சொன்னால், ‘எதற்கு?’ என்று கேளுங்கள், தொண்ணூறடி ரோடு அண்ணன் சொன்னது போல. கடைசியில் உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லி, “சரிதானா?” என்று கேளுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அவர் திருத்தியே தீர வேண்டும். கணவரைப் போனில் ஸ்பீக்கரில் வைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

வெள்ளைக்கோட்டு_இல்லாதவள்

பிள்ளையை அந்த அறைக்குள் கூட்டிப் போக வேண்டாம், ஆனால் வெளியே தனியாகவும் விட வேண்டாம். விளையாட்டு அறை இருந்தால் அங்கே சிஸ்டரிடம் சொல்லி உட்கார வையுங்கள். திரும்பி வந்ததும் ‘என்ன சொன்னார்?’ என்று கேட்பாள். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதீர்கள். ‘புது மருந்து பற்றிப் பேசினோம், சாயங்காலம் சொல்கிறேன்’ என்றாவது சொல்லுங்கள்.

கிங்ஸ்சர்க்கிள்_சித்தி

வியாழன் நான் சும்மாதான் இருக்கிறேன். பரேல் பக்கம் என்றால் கூட வரட்டுமா? உங்களுக்கு ஹிந்தி நன்றாக வரும் என்றாலும் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் நல்லது. தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

புதுசு_2

வாருங்கள் அக்கா. ஹிந்தி வரும், அந்த அறைக்குள் போனால் தமிழே வருவதில்லை. செய்தி அனுப்பியிருக்கிறேன். எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்?

கிங்ஸ்சர்க்கிள்_சித்தி

எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், கார்டு கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிடும். முதல் மஜ்ஜை ரிப்போர்ட்டையும் இப்போதைய ரிப்போர்ட்டையும் ஃபைலில் மேலே வையுங்கள். இட்லி நான் கொண்டுவருகிறேன்.